வள்ளத்து ஆயிலா, பங்க் ஆயிலா, எஃப்டி ஆயிலா? புல்வெட்டும் மெஷினுக்கு எது சரி

எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர், கீழே இறங்கினால் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் என்று கடல். அதனால் எங்கள் பக்கத்துச் சொந்தபந்தங்களில் ஒரு வீட்டில் செயின்சாவோ புல்வெட்டும் மெஷினோ இருந்தால் இன்னொரு வீட்டில் வள்ளத்து (படகு) எஞ்சின் இருக்கும். இரண்டும் டூ ஸ்ட்ரோக், இரண்டுக்கும் பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில், அப்புறம் எதற்கு இரண்டு பாட்டில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

என் சித்தப்பா மகனும் அப்படித்தான் நினைத்தான். மாமனார் வீட்டிலிருந்து அரை கேன் வள்ளத்து ஆயில் கொண்டுவந்தவனிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, கடல்ல நாள் பூரா ஓடுத எஞ்சினுக்கு ஊத்துத ஆயிலாக்கும், இது பத்தாதா?" என்றான். ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை முறித்து முடிப்பதற்குள் செயின்சாவுக்கு இழுவை குறைந்துவிட்டது, சூடானால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியே வரும் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டன் பக்கவாட்டில் கருப்பட்டிப் பாகு காய்ந்தது மாதிரி ஒரு பூச்சு. ரிங்கைத் தீக்குச்சி முனையால் அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி வரவேண்டும், அது அசையவே இல்லை. சைலன்சர் வலையும் பாதி அடைத்திருந்தது.

வள்ளத்து ஆயில் மட்டமான ஆயில் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டப்பாவின் பின்னால் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். கடல் தண்ணீரை இழுத்துத் தன்னைக் குளிரவைத்துக்கொண்டே 5000, 6000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கென்று செய்தது அது. எரிந்தால் சாம்பல் மிஞ்சக்கூடாது என்பதற்காக, கரியைக் கழுவும் உலோகச் சேர்மானங்களை அதில் போடுவதில்லை. செயின்சா 12,000 சுற்றுக்கு மேல் போகிறது, அதற்கு வெறும் காற்றுதான், அந்தக் காற்று போகிற சிலிண்டர் இதழ்களுக்கு நடுவிலும் மரத்தூள் அடைத்திருக்கும். அந்தச் சூட்டில் சாம்பல் இல்லாத ஆயிலால் ரிங் பள்ளத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடிவதில்லை.

அடுத்தது பங்க்கிலும் ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கிற சாதாரண 2டி, அந்தக் கால டிவிஎஸ் 50-க்கு ஊற்றியது. பின்னால் ஜாசோ எஃப்பி அல்லது எஃப்சி என்று இருக்கும். ஜாசோ என்பது ஜப்பான்காரர்களின் தர முத்திரை, அதே வரிசையில் அடுத்த மேல்தரம்தான் எஃப்டி. இதையும் எஃப்டியையும் ஒப்பிடும்போது பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஜாசோ சோதனையில் ஒப்பிடுவதற்கென்று ஓர் ஆயிலை 100 என்று வைத்து மற்றதை அளக்கிறார்கள். வழவழப்புக்குக் குறைந்தபட்ச மதிப்பு எஃப்பி, எஃப்சி, எஃப்டி மூன்றுக்கும் ஒன்றேதான், 95. எஃப்பியிலிருந்து எஃப்சிக்கு வந்தால் புகையும் சைலன்சர் அடைப்பும் நன்றாகக் குறையும். சுத்தத்துக்கான மதிப்புதான் 85, 95, 125 என்று ஏறுகிறது. அதாவது எஃப்டிக்குக் கூடக் கொடுக்கிற காசு வழவழப்புக்கு இல்லை, ரிங் ஒட்டாமல் இருப்பதற்கு. காற்றில் குளிரும் மெஷின் சாவதே அங்கேதான் என்பதால் அந்தக் காசு எனக்குத் தண்டமாகத் தெரியவில்லை. 50:1 கலவையில் ஒரு லிட்டர் ஆயில் 50 லிட்டர் பெட்ரோலுக்கு வரும். பாட்டில் 300 ரூபாய் கூடினாலும் லிட்டர் பெட்ரோலுக்கு 6 ரூபாய்தான், ஒரு சிலிண்டர் செட் மாற்றுகிற செலவோடு வைத்துப் பாருங்கள்.

மழைக்குப் பிறகு வருஷத்தில் ரெண்டு மூணு தடவை புல் வெட்டுகிறவருக்கு எஃப்சி போதும். தினமும் ஓட்டுகிறவர், செயின்சாக்காரர் எஃப்டிதான் வாங்கவேண்டும். மெஷின் கம்பெனியின் சொந்த பாட்டிலும் எஃப்டி என்றால் நல்லதுதான். ஆனால் வாரண்டி காலம் முடிந்தபின் அந்தப் பெயருக்காக மட்டும் மார்த்தாண்டம் வரை அலைய வேண்டாம், எஃப்டி முத்திரை உள்ள வேறு எதுவும் வேலை செய்யும். பைக்குக்கு ஊற்றுகிற 20டபிள்யூ40 கூடவே கூடாது, அது பெட்ரோலோடு எரிவதற்குச் செய்ததே இல்லை. ஆமணக்கு ஆயில் ரேஸ் வண்டிக்குச் சரி, நம் மெஷினில் பிசின் கட்டும். நிறத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள், சிவப்போ பச்சையோ அது கலந்த பெட்ரோலை அடையாளம் காணப் போடுகிற சாயம்.

அளவு விஷயத்தில் கையேட்டில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். சில கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 50:1, மற்றதற்கு 25:1 என்று போட்டிருக்கும். அதாவது லிட்டருக்கு 20 மில்லி அல்லது 40 மில்லி. மூடி கணக்கு வேண்டாம், மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி டப்பாவோடு கட்டிப்போடுங்கள். கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயில் கூடினால் கார்புரேட்டரின் அதே ஜெட் (சிறு துளை) வழியாகப் போகிற பெட்ரோல் குறையும், கரியும் சூடும் சேர்ந்தே கூடும்.

இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். நம் ஊர் ஈரத்தில் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைக்காமல், வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு மாடத்தில் வையுங்கள்.