பழைய டிஸ்ட்ரிபியூட்டர்: பிரிச்சு சரிபண்றதா, புதுசு மாட்டுறதா, ஆயிலா கிரீஸா?

பழைய பெட்ரோல் இஞ்சின்ல ஸ்பார்க்க நேரம் பாத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்புறது டிஸ்ட்ரிபியூட்டர். ஐட்லிங் நிலையா நிக்கல, டைமிங் லைட் (ஸ்பார்க் வர்ற நேரத்த காட்டுற லைட்) அடிச்சா மார்க் ஒரு இடத்துல இல்லாம குதிக்குது, பாயின்ட் (ஸ்பார்க்குக்காக திறந்து மூடுற சுவிட்ச்), கண்டென்சர் ரெண்டும் மாத்தியாச்சு, அப்பவும் அதே கதை. இப்போ கையில மூணு வழி இருக்கு: இருக்கறதையே ரீபில்ட் பண்ணலாம், புது காப்பி ஒண்ணு வாங்கி மாட்டலாம், இல்ல பாயின்ட கழட்டிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாம்.

புதுசு மாட்டுறது அரை மணி நேர வேலை, ஒத்துக்கறேன். ஆனா அட்வான்ஸ் கர்வ், அதாவது வேகம் கூடக்கூட ஸ்பார்க் எவ்வளவு முன்னாடி வரணும்ங்கற கணக்கு, உங்க இஞ்சினோடதா இருக்காது. பழைய பிரிட்டிஷ் கார்கள்ல வர்ற டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி4ன்னு வெளிய ஒரே பேரு, உள்ள அட்வான்ஸ் கொடுக்கற ஸ்பிரிங்கும் வெயிட்டும் இஞ்சினுக்கு இஞ்சின் வேற, ஆக்‌ஷன் பிளேட்ல (வெயிட் உக்காரற தட்டு) அதிகபட்ச டிகிரிய குத்தியே வச்சிருப்பாங்க (கிராங்க்ஷாஃப்ட்ல அளந்தா அது ரெண்டு மடங்கு, மறந்துடாதீங்க). ஃபோக்ஸ்வாகன் பீட்டில்ல பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டினவங்கள கேளுங்க, அதுல வேக்யூம் அட்வான்ஸே (இஞ்சின் உறிஞ்சற வேக்யூம வச்சு ஸ்பார்க்க முன்னாடி கொண்டுவர்றது) கிடையாது, ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் வண்டி ஒரு நொடி யோசிக்கும்.

மாட்யூல் எனக்குப் பிடிக்கும்தான், பாயின்ட் கேப் (பாயின்ட் திறக்கற இடைவெளி) தொல்லை இல்ல, ஷாஃப்ட் லேசா ஆடினாலும் பாயின்ட் அளவுக்குத் திணறாது. ஆனா ஷாஃப்ட தாங்கற புஷ் தேய்ஞ்சதையும் வெயிட் இறுகினதையும் அது சரிபண்ணாது, மூடி மறைக்கும் அவ்வளவுதான். ஒயர் மாத்தி கொடுத்தா செத்துரும். சிலது இஞ்சின் ஓடாம இக்னிஷன் ஆன்ல கிடந்தாலே சூடாகிப் போயிரும்.

அதனால என் ஓட்டு ரீபில்டுக்கு. ஷாஃப்ட பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கண்ணுக்குத் தெரிஞ்சு ஆடினா புஷ் மாத்தணும், ஏன்னா 25டி4ல பாயின்ட் கேப்பே 0.014 – 0.016 இன்ச்தான், ஷாஃப்ட் ஆடுனா அந்த கேப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி ஆயிரும், டைமிங்கும் கூடவே சிதறும். புது வெண்கல புஷ்ஷ ஒரு நாள் முழுக்க இஞ்சின் ஆயில்ல ஊறப்போட்டு அப்புறம் அடிங்க, ரீமர் (துளைய சீவி பெருசாக்கற கருவி) விடாதீங்க, ஆயில் குடிக்கற துளை அடைச்சுக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடி கீழ டாக்குக்கும் (இஞ்சினோட கோர்த்து ஷாஃப்ட சுத்த வைக்கற முனை) மேல சுத்துற ரோட்டாருக்கும் மார்க் போட்டுக்கோங்க, இல்லாட்டி 180 டிகிரி மாறி உக்காந்துக்கும். இன்னொண்ணு, ரெண்டு ஸ்பிரிங்ல தடிமனானது நிறைய டிஸ்ட்ரிபியூட்டர்ல லூஸாத்தான் தொங்கும், அது பழுது இல்ல. மொத தடவ நான் அது நீண்டுபோச்சுன்னு நெனச்சு டைட்டா ஒண்ணு போட்டுட்டு, வேகம் எடுக்க எடுக்க இஞ்சின் மூச்சு வாங்க, கார்ப்பரேட்டர திட்டிட்டு இருந்தேன்.

அடுத்தது ஆயில் – கிரீஸ் சண்டை. எல்லா இடத்துக்கும் ஒரே டப்பாவ தூக்கிட்டு வர்றதுதான் இங்க தப்பு. பாயின்ட தள்ளித் திறக்கற கேம்ல கிரீஸ், அதுவும் சூட்டுல உருகாததா, மெல்லிசா ஒரு பூச்சு. அங்க ஆயில் விட்டா தெறிச்சு பாயின்ட்ல ஒட்டி கருகி மிஸ்ஃபயர் ஆரம்பிக்கும். ரோட்டாருக்கு அடியில இருக்கற ஃபெல்ட்லயோ ஸ்க்ரூ தலைலயோ இஞ்சின் ஆயில் ரெண்டு மூணு சொட்டு, ஸ்க்ரூவ கழட்ட வேண்டாம், பக்கத்துல இருக்கற சந்து வழியா அதுவே இறங்கும். பாயின்ட் அசையற அச்சுக்கு (பிவட்) ஒரே ஒரு சொட்டு. பேஸ் பிளேட் ஓட்டை வழியா வெயிட்டுக்கு சில சொட்டு ஆயில், அங்க மட்டும் கிரீஸ் வேண்டவே வேண்டாம், வருஷம் போகப்போக இறுகி வெயிட்ட பிடிச்சுக்கும். டபிள்யூடி-40 பழைய அழுக்க கரைக்க சரி, ஆனா அத மட்டும் அடிச்சுட்டு மூடினா சீக்கிரமே காஞ்சு மறுபடி வறண்டுரும், மேல ஆயில் விட்டாகணும்.

எல்லாம் மாட்டினதும் ரோட்டார அது சுத்துற பக்கமா விரலால திருப்பி விட்டுப் பாருங்க. டக்குன்னு பழைய இடத்துக்கு வந்தா மேல் மூடிய மாட்டுங்க, சோம்பலா நகர்ந்து வந்தா உள்ள எங்கயோ பழைய பிசுக்கு பாக்கி இருக்கு, திரும்ப பிரிக்க வேண்டியதுதான்.