விற்பனைக்கு வரும் 2008 செடியா: நிறையும் குறையும்

வேலூர் சத்துவாச்சாரியில் நான் வைத்திருக்கும் 2008 ஆம் ஆண்டு மிட்சுபிஷி செடியாவை விற்க முடிவு செய்துள்ளேன். மாற்றங்கள் செய்த கார் என்றாலே வாங்க வருபவர்கள் தயங்குவது நியாயம்தான். என்ன மாற்றப்பட்டது, யார் மாற்றினார்கள், கழற்றிய பாகம் எங்கே என்று கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர்களிடம் பதில் இருப்பதில்லை. ஆகவே இந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தையும், விலை பேசுவதற்கு முன்பாகவே எழுதிவிடுகிறேன்.

இந்தியாவில் 2006 இல் அறிமுகமான செடியா, திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவானது. 1,999 சிசி பெட்ரோல் இன்ஜினும் 5 கியரும் கொண்ட இந்தக் கார் சுமார் 115 குதிரைத்திறன் தரும். செடியாவும் ஒரு லான்சர்தான். டர்போவும் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) நான்கு சக்கர இயக்கமும் கொண்ட வேகக் கார்களான லான்சர் எவல்யூஷன் 7 முதல் 9 வரையிலானவை இதே தலைமுறை லான்சரை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், செடியாவுக்கு எவல்யூஷன் சின்னம் ஒட்டிக் கூடுதல் விலை சொல்பவர்கள் உண்டு. என் செடியாவில் டர்போவும் இல்லை, நான்கு சக்கர இயக்கமும் இல்லை. அந்தச் சின்னத்தை நான் ஒட்டவும் இல்லை.

டர்போ இல்லாத இன்ஜினில் ஏர் பில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் சத்தம் கூடுமே தவிர, வேகம் பெரிதாகக் கூடாது. அதனால் என் செலவு முழுவதும் சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் குளிர்விப்பிலும்தான் சென்றது. உயரம் சற்றுக் குறைந்த ஸ்பிரிங்குகள், அவற்றுக்கேற்ற ஷாக் அப்சார்பர்கள், தரமான பிரேக் பேடுகள், அலுமினிய ரேடியேட்டர் ஆகியவையே முக்கிய மாற்றங்கள். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் ஏறும்போது உடல் சாயாமல், ஸ்டியரிங் சொன்ன இடத்தில் கார் நிற்பதை உணர்ந்தால் இந்தச் செலவு எதற்கென்று புரியும். கத்திரி வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் ஏசி போட்டபடி நின்றாலும் வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. வேலூரில் ஓடும் பழைய காருக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பராமரிப்பில் முக்கியமானது டைமிங் பெல்ட். அது அறுந்தால் இன்ஜினுக்கே ஆபத்து என்பதால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றி, ரசீதை வைத்திருக்கிறேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், 2008 காலத்துக் கார்களின் ரப்பர் குழாய்களுக்கு ஏற்றதல்ல. எனவே எரிபொருள் குழாய்களைப் புதிதாக மாற்றியிருக்கிறேன். கழற்றிய ஸ்பிரிங்குகள், ரேடியேட்டர், ஷாக் அப்சார்பர்கள் அனைத்தும் காருடன் சேர்த்தே தரப்படும்.

குறைகளும் உள்ளன. உயரமான வேகத்தடைகளை நேராக ஏறினால் அடிப்பகுதி உரசும். சாய்த்து, மெதுவாக ஏற்ற வேண்டும். நகருக்குள் லிட்டருக்கு 8 அல்லது 9 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. முன் பம்பர் ஒருமுறை பெயிண்ட் செய்யப்பட்டது. கூர்ந்து பார்த்தால் நிற வேறுபாடு தெரியும். மிட்சுபிஷி கார்களின் விற்பனை இங்கு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், சில பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேட வேண்டியிருக்கும். இதற்குப் பொறுமை இல்லாதவர் இந்தக் காரை வாங்க வேண்டாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு. இன்ஜின் எண், சேசிஸ் எண், நிறம் மூன்றும் சான்றில் உள்ளபடியே இருக்கின்றன. சைலன்சரும் கம்பெனி கொடுத்ததுதான். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறேன். 15 ஆண்டு முடிந்தபின் எப்சி (தகுதிச் சான்று) எடுத்து, பசுமை வரியும் கட்டி, பதிவு 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுக்குள் வாங்குபவர் பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆம் படிவங்களைக் கொடுக்க வேண்டும். சித்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருபவர் தடையில்லாச் சான்றுக்கும் அந்த மாநில வரிக்கும் தனியாகத் திட்டமிட வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மெக்கானிக்கை அழைத்து வந்து, காரை லிஃப்டில் ஏற்றி, இன்ஜின் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை) சோதித்துப் பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருவது நல்லது. நான் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க மாட்டேன்.