கேமரா பாடியை மாற்றவா, லென்ஸ் வாங்கவா?

கையில் இருப்பது நிக்கான் டி3500 கேமரா. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவைகள் கூட்டமாக எழும்பினால் திணறிவிடும். டி7500 வாங்கலாமா என்று ஓராண்டாக யோசனை.

பறவைக்கு டி7500தான், சந்தேகமே வேண்டாம். நொடிக்கு 5 படம் என்பது 8 ஆகும். கேமரா தானே குறிவைத்துத் தெளிவாக்கும் ஃபோகஸ் புள்ளிகள் 11லிருந்து 51க்குத் தாவும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் முழு சட்டகத்தையும் காட்டும். பழையதில் 95 சதவீதம்தான். ஓரத்தில் யாரோ தலையை நீட்டியிருப்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும்.

எடைதான் இடிக்கிறது. பேட்டரி, கார்டோடு 415 கிராம் எங்கே, 720 எங்கே! மெரினா மணலில் ஒரு மணி நேரம் நடந்தால் தோள் சொல்லும். மெகாபிக்சலோ 24.2லிருந்து 20.9க்கு இறங்குகிறது, படத்தைப் பதியும் சென்சாரின் அளவிலும் மாற்றமில்லை.

சரி, மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் இருட்டிய பின் எடுப்பதற்கு? அங்கே பாடியைவிட லென்ஸ்தான் பேசும். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப்/5.6. இந்த எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும். அதே பாடியில் 50 எம்எம் எஃப்/1.8ஜி மாட்டினால் ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளி. ஜி வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். டி3500க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் பழைய டி வகை லென்ஸில் கையால்தான் ஃபோகஸ்.

நான் பறவை பார்க்கப் போவது குளிர்காலத்தில் நாலைந்து ஞாயிறு. அதனால் இப்போதைக்கு லென்ஸ்.