ஆளும் நாளும்: குளத்து வேலைக்கு மைக்ரோசொப்ட் புரொஜெக்ட்

எங்களைப் போன்ற சிறிய ஒப்பந்தகாரருக்கு மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் என்ற வேலைத் திட்டமிடல் மென்பொருள் தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பார் சார்ட் கீறுவதற்கு மட்டும் என்றால் தேவையில்லை, எக்செல் போதும். யார் எங்கே, எந்தக் கிழமையில், எவ்வளவு சுமையோடு நிற்கிறார் என்று பார்க்க வேண்டுமென்றால் கட்டாயம் தேவை. கிளிநொச்சியில் இருந்துகொண்டு சின்னக் குளங்களின் கட்டு, துருசு (தண்ணீர் திறந்துவிடும் வாசல்), வான் (மிஞ்சிய நீர் வழியும் இடம்) திருத்தங்களையும் இடையிடையே மதகு, வீட்டு வேலைகளையும் ஒருங்கிணைப்பவள் நான். பல வருசமாக ஆட்களையும் மெசின்களையும் இதில்தான் பிரித்துப் போடுகிறேன்.

எங்கள் கெடுவை மழைதான் வைக்கிறது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் மண் வேலை நின்றுவிடும். ஆடி, ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும்போதுதான் கட்டுக்கு மண் கொட்டி, ஈரப்பதம் பார்த்து, தட்டுத் தட்டாக ரோலர் ஓட்டி இறுக்கலாம். அந்த நேரத்தில் எல்லாத் தளமும் ஒரே ஓவசியரையும் (வேலை மேற்பார்வையாளர்) ஒரே பெக்கோவையும் (மண் வெட்டும் மெசின்) கேட்கும்.

மென்பொருளின் கணக்கு விளங்கக் கஷ்டமில்லை. ஒரு ஆளின் முழு நேரம் 100 வீதம். ஒரே நாளில் ஒரு தளத்தில் 100, இன்னொன்றில் 50 என்று போட்டால் ரிசோர்ஸ் பட்டியலில், அதாவது ஆள், மெசின் பட்டியலில், அவர் பெயர் சிவப்பாகிவிடும். டீம் பிளானர் என்ற பார்வையைத் திறந்தால் ஆளுக்கொரு வரி, அதில் அவருடைய வேலைகள், இன்னும் யாருக்கும் கொடுக்காத வேலைகள் கீழே தனியாக. ஒருவரின் வேலையை இழுத்து இன்னொருவரின் வரியில் போடலாம். இந்தப் பார்வை புரொபெஷனல் பதிப்பில் உண்டு, ஸ்டாண்டர்டில் இல்லை. வாங்கும்போது கவனியுங்கள்.

ஆனால் சிவப்பு இல்லையென்றால் எல்லாம் சரி என்று நம்பக்கூடாது. எங்கள் ஓவசியருக்குத் துணுக்காய்ப் பக்கம் ஒரு குளம் 50 வீதம், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு குளம் 50 வீதம். கூட்டினால் 100, திரையில் ஒரு குறையும் இல்லை. அவர் வந்து நின்று கேட்டார்: "பிள்ளை, காலமை துணுக்காய், பின்னேரம் ஒட்டுசுட்டான் எண்டு போட்டிருக்கிறாய். மாங்குளத்தில இறங்கி மற்ற பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ச் சேர எத்தினை மணியாகும்?" அவர் கேட்டது முழு நியாயம். புரொஜெக்ட்டுக்கு ஏ9 வீதியும் தெரியாது, ஏ34 வீதியும் தெரியாது. இப்போது பாதி நாள் பங்கீடு என்பதே எங்களிடம் கிடையாது. திங்கள் முதல் புதன் வரை ஒரு பக்கம், வியாழன் முதல் சனி வரை மறுபக்கம், ஒவ்வொன்றும் 100 வீதம். பெக்கோவை லோரியில் ஏற்றி இடம் மாற்றுவதையும் ஒரு தனி வேலையாக எழுதி, அதற்கு நேரம் கொடுக்கிறோம்.

என்னைக் கேட்டால் இந்த மென்பொருளில் மிகப் பெறுமதியான இடம், ரிசோர்ஸ் விபரத்துக்குள் இருக்கும் சின்ன அட்டவணைதான். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை எத்தனை வீதம் கிடைப்பார் என்று அதில் எழுதலாம். எங்கள் மண் வேலை ஆட்கள் எட்டுப் பேரையும் ஒரே வரியில் 800 வீதமாக வைத்திருக்கிறேன். காலபோக (மாரி மழையை நம்பிய பெரும்போக) நெல் விதைப்பு தொடங்கும் கிழமைகளில் அது 300 ஆகும், ஏனென்றால் அவர்கள் எல்லோருக்கும் சொந்தமாகவோ குத்தகைக்கோ வயல் இருக்கிறது. மாசி, பங்குனியில் அரிவு வெட்டு. வெட்டு மெசின் தன் வயலுக்கு எப்போது வரும் என்பது முதல்நாள் இரவுதான் தெரியும், அதற்காக ஒரு மேசனுக்கு மூன்று நாள் லீவு என்று முன்கூட்டியே குறிக்க முடியாது. அந்த மாதம் முழுக்க அவரை 60 வீதத்துக்கு இறக்கி வைத்தால் கட்டட வேலைத் திட்டம் உடையாமல் நிற்கிறது. வயலுக்குப் போகிறவனை வேலைக்கு வராதவன் என்று எழுதுவது இந்த மண்ணில் அநியாயம். திட்டம்தான் அவனுக்கு இடம் விட வேண்டும்.

கலண்டரையும் சும்மா விடக்கூடாது. முதலில் வருவது திங்கள் முதல் வெள்ளி வரையான எட்டு மணிநேரக் கலண்டர். எங்களுக்குச் சனியும் வேலை நாள். போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களை வருசத் தொடக்கத்தில் கையாலேயே ஏற்றுகிறேன். போயாவில் கூலி வேலை நடக்கும், ஆனால் தளம் பார்க்க அதிகாரி வரமாட்டார். அதனால் உத்தியோகத்தருக்கு ஒரு கலண்டர், தொழிலாளருக்கு இன்னொன்று. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவும் தொழிலாளர் கலண்டரில் இருக்கின்றன. மடுத் திருவிழா வேலை உச்சத்தில் வரும், இருந்தாலும் அந்த நாள்களைத் தொடமாட்டேன். மே 18 எல்லோருக்கும் வெறுமையாக இருக்கும், காரணம் எழுதுவதில்லை. தனி ஆட்களின் லீவுக்கும் அப்படித்தான். கிளினிக்கா, நீதிமன்றமா, வீட்டு விசயமா என்பது திரையில் வரத் தேவையில்லை.

கொங்கிரீட் நனைக்கும் நாள்களை எலாப்ஸ்ட் டேஸ் என்ற கணக்கில் போடுங்கள். ஞாயிறும் போயாவும் சேர்ந்தே எண்ணப்படும், ஆள் கூட்டினாலும் குறையாது.

தானியங்கி லெவலிங்கை நான் பாவிப்பதில்லை. சுமை கூடினால் அது வேலையைப் பின்னுக்குத் தள்ளும் அல்லது துண்டாக்கும். சாதாரண அலுவலகத்துக்கு அது பொருந்தலாம். புரட்டாதியில் முடிய வேண்டிய கட்டை ஐப்பசிக்குத் தள்ளினால் போட்ட மண் மழையோடு போய்விடும். சிவப்பைப் பார்த்ததும் நான் செய்வது தொலைபேசி எடுப்பதுதான். யார் விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஆட்களோடுதான் பேச வேண்டும்.

தளத்தில் யாரும் இந்த மென்பொருளைத் திறப்பதில்லை. ஒவ்வொரு சனி பின்னேரமும் டீம் பிளானரின் அடுத்த இரண்டு கிழமையைப் படமாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், ஏ3 தாளில் ஒன்று அலுவலகச் சுவரில் ஒட்டுகிறேன். திருத்தங்கள் குரல் பதிவாக வரும். "தங்கச்சி, செவ்வாய் என்னால ஏலாது" என்று ஒரு மேசன் தானாகவே முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வந்தது.

ஒரே தளம், ஒரே குழு என்றால் இவ்வளவும் வேண்டாம். இரண்டு தளத்துக்கு ஒரு ஓவசியர் என்ற நிலை வந்ததும் வாங்குங்கள். வாங்கினால் முதல் கிழமை வேலைப் பட்டியல் எழுதாமல், ஒவ்வொருவரிடமும் வயல் எங்கே, எப்போது விதைப்பு என்று கேட்டு அந்த அட்டவணையை நிரப்புங்கள்.