ஆய்வுகூடத்து வாட்டும் பரந்தன் வீதிக் காற்றும்: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடங்களில் நான்கு முறை கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் சைக்கிள் வலுச் சோதனை செய்திருக்கிறேன். மூச்சை அளக்கும் முகமூடியோடு நிலைச் சைக்கிளில் மிதிக்க வேண்டும். நிமிடத்துக்கு 25 வாட் கூட்டிக்கொண்டே போவார்கள், கால் ஓயும்வரை. முதல் முறை கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் போய், இறங்கிய காலையிலேயே மிதித்தேன். உச்சம் 286 வாட். அந்தக் குறைந்த எண்ணை வைத்து ஒரு வருடம் பயிற்சி செய்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. அடுத்த முறை ஒரு நாள் தங்கி உறங்கிவிட்டுப் போனேன்; 301.

1992இல் ஹோலி, நோக்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இந்த உச்ச வலு 20 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்ட நேரத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்தியிருந்தது. அதனால் நானும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் தருமபுரம் பக்கமாகப் பத்துக் கிலோமீற்றர் போய்த் திரும்புவதை என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

301 வந்த பிறகும் நேரம் அசையவில்லை. ஆடி மாதம், சோழகம் வீசிக்கொண்டிருந்தது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதை வெல்லும் வலுவோ வேகத்தின் கனத்தோடு (மூன்றாம் அடுக்கோடு) ஏறுகிறது. காற்றில்லாத காலையில் 225 வாட்டுக்கு மணிக்கு 35 கிலோமீற்றர் போகிறேன். மணிக்கு 14 கிலோமீற்றர் எதிர்க்காற்று வந்தால் அதே வலுவில் 27தான் வரும். போகும்போது காற்றுத் தள்ளியதால் கிடைத்த இலாபம் திரும்பும்போது பட்ட நட்டத்தை ஈடுசெய்வதில்லை. எதிர்க்காற்றில் செலவாகும் நிமிடங்கள் அதிகம்.

இன்னொன்றையும் இந்த வீதிதான் கற்றுத் தந்தது. நான் 64 கிலோ. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வலு, கிலோவுக்கு 3.5 வாட். என்னோடு ஓடும் அண்ணை 80 கிலோ, அவருக்கு 3.2. அறிக்கைத் தாளில் நான் மேலே, பரந்தன் வீதியில் அவர் முன்னே. வன்னியில் ஏற்றம் எங்கே இருக்கிறது? சமதரையில் எடை பெரிதாகத் தடுப்பதில்லை. மொத்த வாட்டும், காற்றுக்குக் காட்டும் உடற்பரப்புமே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. கிலோக் கணக்கை மட்டும் பார்த்து எடை குறைக்கப் பட்டினி கிடக்கும் நம் இளைஞர்களிடம் இதைக் கைபிடித்துச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாம் சோதனையில் 305. வெறும் நான்கு வாட் உயர்வு. ஆனால் கைபிடியைத் தாழ்த்தி, முழங்கைகளை உள்ளே மடக்கி ஓடப் பழகியிருந்தேன். 20 கிலோமீற்றரில் ஒன்றரை நிமிடம் குறைந்தது. அந்த முன்னேற்றம் ஆய்வுகூடத் தாளில் தெரியவே தெரியாது.

வெக்கையும் அப்படித்தான். குளிரூட்டிய அறையில், மின்விசிறி முன்னால் எடுத்த எண்ணைச் சித்திரை வெயிலில் எதிர்பார்க்காதீர்கள். பத்து மணிக்குப் பிறகு அதே வலுவுக்கு என் இதயத் துடிப்பு 12 வரை கூடுகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு எடுத்த நேரங்களை மட்டுமே ஒப்பிடுகிறேன்.

மிதியில் பூட்டும் வலுமானி வாங்கியவர்கள், ஓடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதைப் பூச்சியத்துக்குச் சரிசெய்யுங்கள். வெப்பநிலை மாறினால் அளவும் நகரும். பின்சில்லைக் கழற்றி மாட்டும் பயிற்சி இயந்திரத்தின் எண் மிதியின் எண்ணைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம், செயினில் கொஞ்சம் வலு இழக்கப்படுகிறது.

வருடம் ஒரு சோதனை எனக்குப் போதும். நான்காவதில் 312 வந்தது. வாடை தணிந்ததும், மாசியில் ஒரு காற்றில்லாத விடியலில், அதைப் பரந்தன் வீதியில் ஓடிப் பார்க்கப் போகிறேன். அண்ணையும் வருகிறார்.