ஸ்டோரேஜ் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறதா? 'சிப் போச்சு' என்றால் நம்பிவிடாதீர்கள்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து சம்பளம் வாங்கிய கையோடு பட்டணத்துக்கு வந்து போனைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. ஒரு கடை மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு அக்காவின் போன், 64 ஜிபி சாம்சுங். செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கணக்கு வராது. கடைக்காரர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "மெமரி சிப் போச்சு அக்கா, மாத்தணும்" என்று சொல்லி 220 ரிங்கிட் வாங்கினார். இரண்டு நாள் கழித்துப் போன் திரும்பி வந்தது. மகளின் சடங்குப் படங்கள், தைப்பூசப் படங்கள் எல்லாம் காலி. பதினோராவது நாள் அதே வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. பின்மூடியில் ஆலையில் ஒட்டிய பசை அப்படியே இருக்கிறது, சூடு காட்டிப் பிரித்த தடயமே இல்லை. சிப் மாற்றவில்லை, எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் மட்டும் போட்டிருக்கிறார்கள். சிம் தட்டை வெளியே இழுத்தால் பாசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் 25 ரிங்கிட்டுக்கு வாங்கிய '1 டிபி' மெமரி கார்டு உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் போனைப் போட்டதும் ஸ்டோரேஜ் திரை ஒழுங்காகத் திறந்தது. கூரை ஒழுகுகிறது என்று வீட்டை இடித்து, அதே உடைந்த ஓடுகளையே மறுபடி மேலே வைத்துக் கொடுத்த கதைதான்.

அந்தத் திரை ஏன் நின்றுபோகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று நடக்காது. ஸ்டோரேஜைத் தொட்டதும் போன் ஒரு பெரிய கூட்டல் போடுகிறது. படம் எவ்வளவு, வீடியோ எவ்வளவு, ஒவ்வொரு ஆப்பும் எவ்வளவு, கார்டில் எவ்வளவு என்று எல்லா இடத்திலும் கேட்டு வாங்குகிறது. ஓரிடம் பதில் சொல்லாவிட்டால் மொத்தத் திரையும் காத்துக் கிடக்கும். பெரும்பாலும் பதில் சொல்லாதவை இவைதான்: கெட்டுப்போன அல்லது போலிக் கார்டு, முழுக்க நிரம்பிப்போய்க் கணக்கைக் குறித்து வைக்கக்கூட இடமில்லாத போன், படங்களுக்கு அட்டவணை வைத்திருக்கும் 'மீடியா ஸ்டோரேஜ்' என்ற உள் ஆப் குழம்பிப்போவது, இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரோ முடக்கி வைத்த சிஸ்டம் ஆப். சிஸ்டம் அப்டேட் முடிந்த கையோடும் கொஞ்ச நேரம் சுற்றும், சார்ஜில் போட்டு விட்டுவிட்டால் அடங்கிவிடும். சிப் பழுது இந்த வரிசையில் கடைசி.

அதனால் முதல் வேலை கார்டு. போனை முழுதாக அணையுங்கள், ஊசியால் தட்டை எடுங்கள், கார்டை வெளியே வைத்துவிட்டுப் போனைப் போடுங்கள். திரை திறந்தால் பழுது போனில் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சில பிராண்டுகளில் கார்டை முதன்முதலில் போடும்போது 'போனின் உள் சேமிப்பாக' ஃபார்மட் செய்துவிடலாம். ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ள வசதி இது. அப்படிச் செய்திருந்தால் ஆப்களே கார்டில் இருக்கும், கார்டும் அந்த ஒரு போனில்தான் படிக்கும். அதை வெளியே எடுத்து ஃபார்மட் போட்டுவிடாதீர்கள்.

போலிக் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசார் மாலத்தில் இது மலிந்து கிடக்கிறது. உள்ளே இருப்பது 8 ஜிபியோ 16 ஜிபியோதான். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு மட்டும் 'நான் 1 டிபி' என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிரம்பும்வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்குப் பிறகு எழுதுவது பழைய படங்களின் மேலேயே விழும், அல்லது எங்கேயும் போகாது. கோப்பின் பெயர் தெரியும், தொட்டால் படம் திறக்காது. போன் அதைப் படிக்க மறுபடி மறுபடி முயன்று காத்துக்கொண்டிருக்கும். வட்டம் சுற்றுவது அதனால்தான். 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டு சந்தைக்கு அறிவிக்கப்பட்டதே 2019-ல்தான். 25 ரிங்கிட்டுக்கு உண்மையான 1 டிபி கிடைக்கவே கிடைக்காது.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பார்க்கலாம். கார்டில் மிச்சம் உள்ளதை முதலில் கணினியில் நகல் எடுத்துவிட்டுக் காலியாக்குங்கள். விண்டோஸ் என்றால் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸ் அல்லது மேக் என்றால் 'எஃப்3'. இரண்டும் இலவசம். கார்டு முழுக்கச் சோதனைத் தரவை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும்: விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் 32 ஜிபியை எழுத மட்டுமே ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், படிக்க இன்னும் கொஞ்சம். கடைக்காரர் 'கொப்பி பண்ணிப் பார்த்தேன், ஓக்கே' என்பது சோதனை ஆகாது. பத்துப் படம் போலிக் கார்டிலும் நன்றாகவே போய் உட்காரும்.

கார்டு இல்லாமலும் திரை சுற்றினால் அடுத்துப் பார்க்க வேண்டியது இடம். ஸ்டோரேஜ் திரை திறக்காததால் வேறு வழியில் பார்க்க வேண்டும். போனைக் கணினியில் கேபிளால் இணைத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று கொடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று கணினி காட்டிவிடும். ஒரு ஜிபிக்கும் கீழே இருந்தால் காரணத்தைத் தேடி வேறெங்கும் அலைய வேண்டாம். இரண்டு மூன்று ஜிபியாவது காலி செய்துவிட்டுப் போனை அணைத்துப் போடுங்கள்.

எதைக் காலி செய்வது? நம்மவர்களின் போனில் எப்போதும் குற்றவாளி வாட்ஸ்அப்தான். கோயில் குழு, குடும்பக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, காலை வணக்கப் படம். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேற்பட்டவற்றையும், பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றையும் தனித்தனியாகக் காட்டும். முதலில் ஃபார்வர்டுகளை அழியுங்கள். ஃபைல் ஆப் வழியாகப் போய் வாட்ஸ்அப் ஃபோல்டரையே தூக்கிப் போடாதீர்கள். கடைசி ஏழு நாள் உள் பேக்கப் அதற்குள்தான் இருக்கிறது. டெலிகிராமில் கேஷை, அதாவது தற்காலிகமாகச் சேர்த்து வைத்த கோப்புகளை, அழிப்பதில் பயமில்லை, தேவைப்பட்டால் சர்வரிலிருந்து மறுபடி இறங்கும். கேலரியில் அழித்த படம் உடனே போய்விடாது, குப்பைத்தொட்டியில் 30 நாள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் வரும். 'போன் கிளீனர்', 'பூஸ்டர்' என்று கடையில் போட்டுக் கொடுத்த ஆப் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். விளம்பரம் காட்டுவதைத் தவிர அது செய்யும் வேலை ரொம்பக் குறைவு.

இடமும் இருக்கிறது, கார்டும் இல்லை, ஆனாலும் சுற்றுகிறது என்றால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போங்கள். மலாய் மொழியில் வைத்திருப்பவர்களுக்கு அது 'தெத்தாப்பான்' உள்ளே 'அப்ளிக்காசி'. பட்டியலில் சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்லி, 'மீடியா ஸ்டோரேஜ்' என்பதைத் தேடி 'ஃபோர்ஸ் ஸ்டாப்', பிறகு 'கிளியர் கேஷ்'. போனை அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்றால் அதே இடத்தில் 'கிளியர் டேட்டா'. இதனால் படங்கள் அழியாது, அட்டவணை மட்டும்தான் அழியும். போன் அதை மறுபடி எழுதி முடிக்கும்வரை கேலரி காலியாகத் தெரியலாம், ரிங்டோன் பழையபடி மாறியிருக்கலாம். பதறாமல் அரை மணி நேரம் சார்ஜில் போட்டு வையுங்கள். அடுத்து, ஆப்ஸ் பக்கத்தின் மூன்று புள்ளிகளுக்குள் 'ரீசெட் ஆப் பிரிஃபரன்சஸ்' இருக்கும். முடக்கிய சிஸ்டம் ஆப்களை இது திரும்ப இயக்கிவிடும். தரவு எதுவும் போகாது, சில அனுமதிகளை மட்டும் மறுபடி கேட்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் சாம்சுங்கில் இன்னொன்று செய்யலாம். போனை அணைத்துக் கணினியில் கேபிளால் இணைத்து, வால்யூம் அப்பையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் ரிக்கவரி திரை வரும். அதில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும். அதை ஒட்டியே 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' இருக்கிறது, ஒரு வரி தவறினால் எல்லாம் போய்விடும். கண் தெளிவாகத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா போனிலும் இந்த கேஷ் வரி இருக்காது. இல்லாத இடத்தில் தேடிக்கொண்டு வேறு எதையும் அழுத்தாதீர்கள்.

உண்மையிலேயே சிப் போனால் எப்படித் தெரியும்? அழித்த படம் போனை அணைத்துப் போட்டதும் திரும்ப வந்து நிற்கும். ரீசெட் போட்டாலும் பழையதெல்லாம் அப்படியே இருக்கும். அல்லது போன் லோகோ திரையைத் தாண்டாமல் நின்று நின்று மறுபடி தொடங்கும். அப்போது சிப் போர்டில் சாலிடர் செய்யப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். சூடான காற்று அடிக்கும் கருவி, நுண்ணோக்கி, சிப்புக்குள் மென்பொருள் எழுதும் கருவி எல்லாம் வேண்டும். பல மலிவு விலைப் போன்களில் ரேமும் சேமிப்பும் ஒரே சிப்பில் இருக்கும். ஸ்கிரீன் புரொடெக்டர் ஒட்டும் மேசையில் அரை மணி நேரத்தில் நடக்கிற வேலை இல்லை இது.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிம்மையும் கார்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, குறித்து வையுங்கள். வங்கி ஆப், டச் அண்ட் கோ இ-வாலட் இரண்டிலிருந்தும் வெளியேறிவிடுங்கள். புதிய சாம்சுங் பலவற்றில் பேட்டரி, டிவைஸ் கேர் பக்கத்தில் 'மெயின்டனன்ஸ் மோட்' இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் பழுது பார்ப்பவர் உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. ரசீதில் என்ன பழுது, எந்தப் பாகம், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். 'சர்வீஸ் 220' என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு பிறகு எதற்கும் உதவாது. பாகம் மாற்றினால் பழையதைக் கையில் கேளுங்கள், கடைக்காரரின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வசூலும் நடக்கிறது. ரிக்கவரி வழியாக ரீசெட் போட்டால், ஆண்ட்ராய்டு 5.1 முதல், பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை போன் கேட்கும். திருட்டுப் போனை விற்க முடியாமல் தடுக்க வைத்த பூட்டு அது. 'கூகுள் லாக் விழுந்திருச்சு, திறக்கத் தனிக் காசு' என்பார்கள். கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருந்தால் காசு கொடுக்காமல் நீங்களே திறக்கலாம். போனை வாங்கும்போது கடைப்பையன் தொடங்கிக் கொடுத்த கணக்கு என்றால் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கொடுத்த காசைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், மலாயில் 'திரிபுனல் துன்துத்தான் பெங்குனா', போராங் 1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது இல்லாவிட்டால் கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய இ-வாலட் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

போன படங்கள் வருமா என்றால், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் வரும், குழுவில் பகிர்ந்திருந்தால் அங்கே கேட்டு வாங்கலாம். போனுக்குள்ளேயே இருந்தவை வராது. இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதுகின்றன, ரீசெட் போட்டதும் அந்தச் சாவியையே போன் அழித்துவிடுகிறது. சிப்பைக் கழற்றிப் படித்தாலும் கிடைப்பது வெறும் குப்பை எழுத்து. 'சாஃப்ட்வேர் வச்சு எடுத்துத் தர்றேன்' என்று அதே கடை அந்த அக்காவிடம் இன்னொரு 300 கேட்டிருக்கிறது. நல்லவேளை, அவர் கொடுக்கவில்லை.