டேட் ஷீட் வந்தாச்சு: டியூஷனா, ஒர்க் ஷீட்டா, வீட்டிலேயா?

தில்லியில் குளிர் விடும் நேரமும் ஆண்டுத் தேர்வு வரும் நேரமும் ஒன்றுதான். பிப்ரவரியில் ஸ்வெட்டரைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளி வாட்ஸப் குழுவில் டேட் ஷீட், அதாவது தேர்வு அட்டவணை, வந்து விழுந்துவிடும். நடுவில் ஹோலி, மார்ச் கடைசியில் ரிசல்ட், ஏப்ரல் முதல் தேதி அடுத்த வகுப்பு. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் தமிழ் வீடுகளில், ஆர்.கே.புரமானாலும் சரி, மயூர் விஹாரானாலும் சரி, அப்போது ஒரே பேச்சுதான்: டியூஷனில் போடலாமா, சாம்பிள் பேப்பர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா, இல்லை நாமே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குக்கும் ஈ.வி.எஸ். என்ற சுற்றுச்சூழல் பாடத்துக்கும் வீட்டில் தினம் அரை மணி நேரம் போதும். மூன்றிலும் அதுதான் சிறந்தது. ஹிந்திக்கு மட்டும் டியூஷன் வைக்கத் தயங்க வேண்டாம். ஒர்க் ஷீட் கட்டுக்கு நான் தரும் இடம் கடைசி.

காரணத்துக்குப் போகும் முன் பயத்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாம், நான்காம் வகுப்பில் பிள்ளையை ஃபெயிலாக்கி அதே வகுப்பில் உட்கார வைக்க 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. ஐந்தாம் வகுப்பு வேறு கதை. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கலாமா என்பதை அந்தந்த அரசின் கையில் விட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதியைக் கொண்டுவந்தது. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு அது பொருந்தும். தில்லி அதற்கு முன்பே ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கும் முறைக்குப் போய்விட்டது. அந்த விதிப்படியும் தேறாத பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்து, ரிசல்ட் வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால்தான் நிறுத்தலாம். ஆக, நான்காம் வகுப்பு மார்க்குக்காக வீட்டில் ஒருவரையொருவர் கடித்துக் குதற வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தேர்வால் நமக்கு உண்மையில் கிடைப்பது, எது புரிந்தது, எது புரியவில்லை என்ற தகவல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, அது தில்லிக்கே உரிய சிக்கல். நவம்பரில் புகை மூட்டம் கடுமையானால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது சின்னப் பிள்ளைகள்தான். 2024 நவம்பரில் ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். அப்பாவின் போனில், கேமராவை அணைத்துவிட்டு, போர்வைக்குள் இருந்தபடி 'கேட்ட' பாடங்கள் அவை. ஜனவரியில் குளிர்கால விடுமுறை. பிப்ரவரியில் மீதிப் பாடங்களை ஓட்டமாக முடித்துவிட்டு ரிவிஷன் என்பார்கள். அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். நோட்டைப் புரட்டி, நவம்பர் தேதி போட்ட பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். ஓட்டை அங்கேதான் இருக்கும்.

இப்போது ஒர்க் ஷீட். பள்ளியே நாலைந்து தரும். போதாதென்று வேறு பள்ளிகளின் பழைய கேள்வித்தாள்கள் வாட்ஸப்பில் சுற்றும். கட்டு கனமாக இருப்பதால் நிறையப் படித்த மாதிரி நமக்கும் நிம்மதி. ஆனால் பெரும்பாலான கணக்கு ஒர்க் ஷீட்டுகள் பாடவாரியாக இருக்கும். வகுத்தல் என்று தலைப்புப் போட்ட தாளில் இருபது கணக்கும் வகுத்தல்தான். பிள்ளை கேள்வியைப் படிக்கவே வேண்டாம்; பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துக்கொண்டே போகலாம். தேர்வில் எல்லாம் கலந்து வரும்போது "இது கூட்டலா, பெருக்கலா அம்மா?" என்று முழிப்பது இதனால்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 135 பிள்ளைகள் பிக்னிக் போகிறார்கள். ஒரு பஸ்ஸில் 40 பேர் உட்காரலாம். எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தல் நன்றாகத் தெரிந்த பிள்ளை சட்டென்று எழுதும்: 3, மீதி 15. ஒர்க் ஷீட்டில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு விழும், பின்னால் இருக்கும் விடையைப் பார்த்து 4 என்று திருத்திக்கொள்ளும், அடுத்த கணக்குக்குப் போய்விடும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் கேட்பார்: "அந்தப் பதினைஞ்சு பேரை ஸ்கூல்லயே விட்டுட்டுப் போயிடலாமா கண்ணா?" பிள்ளை சிரிக்கும். அப்புறம் அந்தத் தவறைத் திரும்பச் செய்வது அபூர்வம். இந்த ஒரு கேள்வியை எந்தத் தாளும் கேட்காது. ஒர்க் ஷீட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலைந்து தாள்களிலிருந்து தாளுக்கொரு கணக்காகப் பொறுக்கிக் கலந்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு கொடுத்தால் அதே தாள் மிக நல்ல கருவியாகிவிடும். கட்டாகக் கொடுத்தால்தான் வீண்.

டியூஷனுக்கு வருவோம். வீட்டுப் பக்கத்து ஆன்ட்டி நடத்தும் டியூஷனைத்தான் சொல்கிறேன். இந்த வயதுக்குப் பெரும்பாலும் அதுதான். ஒரே அறையில் இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி பதிலை நோட்டில் எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்வார்கள். பள்ளி அதே கேள்வியைக் கேட்டால் மார்க் வரும். ஆனால் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தொடக்க வகுப்புகளுக்கு 2023இலிருந்து படிப்படியாக மாற்றிய புதிய புத்தகங்கள் செய்து பார், பேசிப் பார், உன் வீட்டில் கேட்டுப் பார் என்ற வழியில் போகின்றன. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பதில் ஒப்பிக்கும் டியூஷன் நடத்துவது பொருந்தாத வேலை.

நேரத்தையும் பாருங்கள். மத்திய அரசு 2020இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். கவனியுங்கள், வாரத்துக்கு. தினம் ஒன்றரை மணி நேர டியூஷன் என்றால் ஐந்து நாளில் ஏழரை மணி நேரம். குளிரும் புகையும் போய், வெயிலும் வராத அந்த ஆறேழு வாரங்கள்தான் தில்லியில் பிள்ளைகள் மாலையில் வெளியே விளையாடக் கூடிய காலம். அதை எடுத்து டியூஷனுக்குக் கொடுப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

அம்மா அப்பா இருவரும் ஏழு மணிக்கு மேல்தான் மெட்ரோவிலிருந்து இறங்குகிறார்கள் என்றால் டியூஷன் ஒரு பாதுகாப்பான இடம். அது நியாயமான காரணம், அதற்காகவே அனுப்பலாம். அதைப் படிப்புக் கணக்கில் மட்டும் சேர்க்காமல் இருந்தால் போதும்.

ஆனால் ஹிந்தி விஷயத்தில் நான் முழுக்க டியூஷன் கட்சி. நம்மில் பலர் கடைத்தெரு ஹிந்தி நன்றாகவே பேசுவோம். நான்காம், ஐந்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் அது செல்லாது. லிங்க் பதலோ (பாலை மாற்று), வசன் பதலோ (ஒருமை பன்மையை மாற்று), விலோம் (எதிர்ச்சொல்), பர்யாய்வாசி (ஒரே பொருள் தரும் சொல்) என்று கேட்பார்கள். தஹி ஆண்பால், சாய் பெண்பால். ஏன் என்று நம்மிடம் கேட்டால் என்ன சொல்வது? தமிழில் தயிரும் டீயும் அஃறிணை, அவ்வளவுதான். பிள்ளை 'என் புத்தகம்' என்பதற்கு 'மேரா கிதாப்' என்று எழுதினால் வீட்டில் யார் காதுக்கும் உறுத்தாது. ஹிந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் கேட்ட மாத்திரத்தில் 'மேரி' என்று திருத்துவார். எழுத்திலும் அப்படித்தான். சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள ஹிந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே கானா. சாப்பாட்டுக் கானாவில் முதல் எழுத்தை மூச்சை அழுத்தி விட்டுச் சொல்ல வேண்டும்; பாட்டுக் கானாவில் மூச்சழுத்தம் இல்லாமல் 'தங்கம்' என்பதில் வரும் க போலச் சொல்ல வேண்டும். நாம் டிக்டேஷன் போட்டால் அது சரியாக வராது, பிள்ளையும் நாம் சொல்வதைத்தான் எழுதும். வாரத்துக்கு இரண்டு நாள், ஹிந்திக்கு மட்டும், வாய்விட்டுப் படிக்க வைத்து டிக்டேஷன் போடும் ஒருவர் கிடைத்தால் அந்தப் பணம் முழுக்கப் பயனுள்ளது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஏதாவது ஒன்றில் பிள்ளை படித்தால் தமிழும் பாடமாக இருக்கும். அந்தப் பாடத்தை வீட்டில் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வீடு. வீட்டில் படிக்க வைப்பது என்றால் பலர் செய்வது பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வது. "படிச்சாச்சா?" "படிச்சிட்டேம்மா." "எல்லாம் தெரியுமா?" "தெரியும்." இதில்தான் ஏமாற்றம். வாசித்த பக்கம் பழகிப்போவதால் தெரிந்த மாதிரி தோன்றுகிறது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தொடர்ந்து செய்த இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு நம் பிள்ளை சொல்லும் 'தெரியும்' இதுதான்.

ஆகவே வீட்டு அரை மணி நேரத்துக்கு ஒரே விதி: புத்தகம் மூடியிருக்க வேண்டும். "இன்னிக்கு தண்ணி பாடத்துல என்னென்ன இருந்துது, உனக்கு ஞாபகம் இருக்கறதை எல்லாம் சொல்லு." பிள்ளை மூன்று விஷயம் சொல்லும், நிற்கும். அந்த நிற்கும் இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். நினைவைத் துழாவும் அந்தச் சில விநாடிகளில்தான் படிப்பு நடக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை மறுபடி இரண்டு நிமிடம் கேளுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. டேட் ஷீட்டில் கணக்குக்கு முன்னால் இரண்டு நாள் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதற்காக இரண்டு நாளும் கணக்கையே போட்டு அரைக்க வேண்டாம். நடுவில் ஈ.வி.எஸ்.ஸையும் ஆங்கிலத்தையும் தொட்டு வந்தால் எல்லாமே நிற்கும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை என்பது இன்னொரு வசதி. குளிர் விட்டதும் ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டி இதைச் செய்யலாம். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பிள்ளை தமிழில் விளக்கிச் சொல்லட்டும்; தாத்தா "அது எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மூத்த பிள்ளை இளையதைக் கேட்பதும் நன்றாக வேலை செய்யும். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்தது அதுதான். சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவனை வைத்தே மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே பரவியது.

வீடியோ, ஆப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புரியாத ஒன்றை ஒரு முறை பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ரிவிஷனுக்கு அது உதவாது. பார்ப்பதும் வாசிப்பது போலத்தான், பிள்ளை தன் தலையிலிருந்து எதையும் எடுப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈ.வி.எஸ்.ஸில் நீர்நிலைகள் பற்றிப் படிக்கும் பிள்ளையைக் கன்னாட் பிளேஸ் பக்கம் ஹெய்லி ரோட்டில் இருக்கும் அக்ரசேன் கி பாவ்லி என்ற பழைய படிக்கிணற்றுக்குக் கூட்டிப் போகலாம். நூற்றுக்கும் மேல் படிகள் கீழே இறங்கும். தண்ணீர் எங்கே இருந்திருக்கும், மழைக்காலத்தில் எந்தப் படி வரை வந்திருக்கும், ஏன் இவ்வளவு ஆழமாகக் கட்டினார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து கேட்டால், அந்தப் பாடத்துக்குத் தனி ரிவிஷன் வேண்டாம்.

இவ்வளவும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பொருந்தும். ஐந்தாம் வகுப்பில் இருந்தும் ஆங்கிலக் கேள்வியை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறது, 62இலிருந்து 38ஐக் கழிக்கத் திணறுகிறது என்றால் இந்த மூன்று வழிகளில் எதுவும் மார்ச்சுக்குள் அதைச் சரிசெய்யாது. பிப்ரவரியிலேயே, பி.டி.எம். என்ற பெற்றோர் ஆசிரியர் கூட்டம் வரை காத்திருக்காமல், கிளாஸ் டீச்சரைப் பாருங்கள். மறுதேர்வு எப்போது, அதற்கு முன் தனி வகுப்பு எத்தனை நாள், யார் எடுப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அந்த அரை மணி நேரத்தில் பாடப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்கு எட்டக் கூடிய சின்னக் கதையை நாளுக்கு ஒன்றாக வாய்விட்டுப் படிக்க வையுங்கள். இரண்டாம் வகுப்புப் புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை.